பங்குனிக்குள் மாற்ற வேண்டிய பில்டர்

இருபத்திரண்டு வருஷம் பெயர் சொல்லாமலேயே கூப்பிட்டுப் பழகிய என் வாணி அப்பாவுக்கு,

நலமா என்று கேட்டால் நீங்கள் அங்கிருந்து சிரிப்பீர்கள். இங்கே நானும் வாணியும் சேகரும் நலம். எழுத்து கோணலாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்டாண்டில் உங்களோடு வாடகைக் கார் ஓட்டியவர்கள் ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். உங்களைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுங்கள் அக்கா என்று கேட்டார்கள். நல்ல மனுஷர், வம்பு தும்புக்குப் போகாதவர் என்று எழுதிக் கொடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் போன ஐப்பசியில் ரயில்வே கேட்டில் நடந்ததை ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். செத்தவன் வண்டி, காவு கேட்கிறது என்று கூடச் சொல்கிறார்கள். அந்தப் பழி உங்கள் மேலும் விழுகிறது, வாயில்லாத வண்டி மேலும் விழுகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி, நாலு பேர் படிக்க, உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பெட்ரோல் கணக்கு நினைவிருக்கிறதா? மற்ற விஷயத்தில் எல்லாம் கை தாராளம். பெட்ரோல் என்றால் மட்டும் எச்சில் கையால் காக்கா ஓட்டமாட்டீர்கள். ரயில்வே கேட் மூடியிருப்பது தூரத்தில் தெரிந்தாலே வண்டியை அணைத்து, உருட்டிக்கொண்டே போய் நிறுத்துவீர்கள். அந்தச் சாவியைத் திருப்பும் உத்தியோகம் வாணிக்கு. நாலு வயதிலிருந்தே முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "கேட்டு வந்துட்ச்சும்மா, நிறுத்து" என்று நீங்கள் சொல்வதற்காகக் காத்திருப்பாள். ஓடுகிற வண்டியில் குழந்தை கையில் சாவியைக் கொடுக்கிறாரே என்று நான் பின் சீட்டில் முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எத்தனை சண்டை போட்டிருப்பேன்! இரண்டு சொட்டு பெட்ரோலை மிச்சம் பிடித்து எந்தக் கோட்டை கட்டப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் போய் நாலு மாதம் வண்டி மூடியே கிடந்தது. அப்புறம் என் தம்பி சேகர் எடுத்து ஓட்ட ஆரம்பித்தான். உங்கள் மைத்துனனைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? ஓட்டுவான், நன்றாகவே ஓட்டுவான். பானெட்டைத் திறந்து பார் என்றால் மட்டும் யாரோ வீட்டு அலமாரியைத் திறக்கச் சொன்ன மாதிரி ஒதுங்கிக்கொள்வான். பக்கத்து ரைஸ்மில்லில் புழுங்கல் அரைக்கும்போது பறக்கிற தவிடு முழுக்க நம் வாசலில்தான் வந்து விழுகிறது. வண்டி வரவர இழுக்க மாட்டேன் என்றது. கறுப்பாகப் புகை விட்டது. "போய்கினு தானே இருக்குது" என்பான் சேகர்.

அப்போதுதான் வாணிக்கு ஆர்டர் வந்தது. கலசப்பாக்கம் பக்கத்தில் ஒரு ஊரில் பால்வாடி டீச்சர் வேலை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் கலசப்பாக்கம் ஆபீசில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதியிருந்தது. நம் வீட்டில் முதல் மாதச் சம்பளக்காரி. டிரங்குப் பெட்டியும் படுக்கையுமாக பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போகவேண்டாம், அவள் அப்பா காரிலேயே போய் இறங்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான்.

புதன்கிழமை சாயங்காலம் சேகர் பெரணமல்லூரிலிருந்து ஒரு கல்யாணக் கோஷ்டியை ஏற்றிக்கொண்டு வந்தான். வழியில் இரண்டு இடத்தில் வண்டி நின்று, மாப்பிள்ளை வீட்டாரே இறங்கித் தள்ளினார்களாம். நாளைக்கு நடுவழியில் நின்றால் வேலையே போய்விடுமே. மெக்கானிக்கைக் கேட்டால் சனிக்கிழமை வா என்றார்.

பீரோ மேல் அந்த அட்டைப் பெட்டி இருந்தது. நீங்கள் வேலூரில் வாங்கி வந்து வைத்த புது ஏர் பில்டர். பெட்டி மேல் உங்கள் பால்பாயிண்ட் பேனா எழுத்தில் 'பங்குனிக்குள் மாத்தணும்' என்று இருக்கிறது. தை மாதமே நீங்கள் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள். நீங்கள் கடைசியாக வாங்கிய பொருள் என்று அதை நான் தொடுவதே இல்லை. தூசி தட்டும்போது கூட அதைச் சுற்றித்தான் தட்டுவேன். அன்றைக்கு அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது. பிரித்துவிட்டால் உங்களுடையது என்று பாக்கி எதுவும் இருக்காது என்று ஒரு பயம். எனக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று இன்னொரு பயம்.

ஆனால் தெரியாது என்று சொன்னால் பொய். நீங்கள் மாற்றும்போதெல்லாம் பக்கத்தில் எவர்சில்வர் தட்டை ஏந்திக்கொண்டு நின்றது யார்? எஞ்சின் தலையில் குண்டாவைக் கவிழ்த்த மாதிரி ஒரு வட்டத் தகரம். நடுவில் இரண்டு காது வைத்த ஒரு நட்டு. அதைக் கையாலேயே திருகி எடுக்கலாம். அடியில் வாஷர், அப்புறம் மூடி, அப்புறம் காகிதத்தை மடித்து மடித்து வளையமாகச் செய்த பில்டர். அதற்கும் கீழே கார்புரேட்டரின் வாய் திறந்திருக்கும். உள்ளே தூசியோ நட்டோ விழுந்துவிடாமல் உங்கள் பழைய வேட்டித் துணி ஒன்றை அதில் அடைப்பீர்கள். நட்டு, வாஷர், மூடி, பில்டர், துணி. எடுத்தது ஐந்து, வைத்தது ஐந்து என்று எண்ணச் சொல்வீர்கள். துணியும் ஒரு சாமானா என்று கேட்டால், உள்ளே போனதெல்லாம் சாமான்தான் என்பீர்கள்.

வியாழக்கிழமை விடிந்ததும் பானெட்டைத் திறந்தேன். நட்டு கொஞ்சம் அடம் பிடித்தது, அப்புறம் வந்தது. பழைய பில்டரை எடுத்துத் தரையில் தட்டினேன். கொட்டிய தவிடு ஒரு மாட்டுக்குக் காலைத் தீனி ஆகும். வண்டி மூச்சு விட்டதே பெரிய விஷயம்.

வாயை அடைக்க உங்கள் வேட்டித் துணியைத் தேடினால், சேகர் கண்ணாடி துடைத்து எங்கேயோ எறிந்திருந்தான். நம் வீட்டில் கைக்கு எட்டுகிற இடத்தில் எப்போதும் என்ன இருக்கும்? பட்டு வேஸ்ட். தறியில் பழைய பாவு நூல் முடிந்ததும் அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து முறுக்குவதுதானே என் பிழைப்பு. முறுக்கி மிஞ்சிய நுனியைப் பிளேடால் அரிந்து ஒரு கூடையில் போட்டு வைப்பேன். கிளிப்பச்சையில் ஒரு கைப்பிடி எடுத்து உருட்டி அடைத்துவிட்டேன். விளக்கைத் துடைப்பதும் அதில்தான், தையல் மிஷினைத் துடைப்பதும் அதில்தான். ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை.

தகரத்தை உள்ளே வெளியே துடைத்து, புது பில்டரைப் பதமாக வைத்தேன். அதற்குள் சேகர் டிரங்குப் பெட்டியை ஏற்றிவிட்டு, "ஜல்திக்கா, அங்க ஒரு நிமிஷம் லேட்டானாலும் பேஜாரு" என்றான். வாணி சாமி கும்பிட்டுவிட்டு உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்தாள்.

இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். நீங்கள் போனதிலிருந்து எனக்கு நானே சில சட்டங்கள் போட்டுக்கொண்டிருந்தேன். நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவர்களுக்கு எதிரே நிற்கக்கூடாது என்பது ஒன்று. யாரும் என் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை, ஆனால் தெருவில் இரண்டு பேர் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பி வீட்டுக்குள் போய், தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பியதைப் பார்த்திருக்கிறேன். முதல் நாள் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு நான் எதிரே வரலாமா? அவள் வாசல்படி தாண்டுவதற்குள் முடித்துவிட்டு உள்ளே ஓடிவிட வேண்டும் என்ற அவசரத்தில் வளையத்துக்கு நடுவே அடைத்திருந்த அந்தப் பட்டுக் கட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன். உள்ளே எதிலோ லேசாகப் பிடித்தது. அப்புறம் வந்துவிட்டது. மூடி, வாஷர், நட்டு. எடுத்தது ஐந்து, வைத்தது ஐந்து. கணக்கு சரி என்று பின்கட்டுக்கு ஓடிவிட்டேன்.

அங்கிருந்தே சத்தம் கேட்டேன். ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது. நீங்கள் இருந்தபோது ஓடிய மாதிரி சீராக ஓடியது. அம்மா போய்ட்டு வரேன் என்று வாணி வாசலிலிருந்து கத்தினாள், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு ஆகட்டும் என்றேன். கொஞ்சம் அழுதேன். பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அரை மணி கழித்து வாசலைப் பெருக்கி, சாமான் கழற்றி வைத்திருந்த தட்டை எடுத்தேன். பச்சைப் பட்டைக் கூடையில் போடலாம் என்று கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

பிளேடால் அரிந்த இழையின் நுனி ஒட்ட நறுக்கினாற்போல மழுங்கி இருக்கும். இழுத்து அறுந்த நுனி பஞ்சாகப் பிரிந்து நிற்கும். இதைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை, எங்களுக்கு விரலே சொல்லிவிடும். அந்தக் கட்டின் ஒரு ஓரம் பஞ்சாக இருந்தது. அங்கே இழைகள் பாதி நீளம்தான். மீதிப் பாதி வண்டிக்குள் இருக்கிறது. வாணியும் வண்டிக்குள் இருக்கிறாள்.

ஒரு கட்டு இழையை ஒன்று என்று எண்ணியிருக்கிறேன் பாருங்கள். ஆயிரக்கணக்கான இழையை ஒன்றொன்றாகத் தொட்டு வயிறு வளர்க்கிறவள், அன்றைக்கு மட்டும் மொத்தமாக ஒன்று என்று எண்ணினேன்.

பட்டு நூல் எஞ்சினில் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் அவ்வளவு பயம். தீப்பிடிக்குமா? வெடிக்குமா? நடுரோட்டில் நின்று பின்னால் வருகிற லாரி மோதுமா? கதவைப் பூட்டினேனா என்று நினைவில்லை. செருப்பில்லாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பட்டுக் கட்டு கையிலேயே இருந்தது. போளூர் பஸ் நகர்ந்துகொண்டிருந்தது, ஏறிவிட்டேன். வழியில் எங்கே நாலு பேர் கூடி நின்றாலும் எனக்கு உயிர் போய்ப் போய் வந்தது. ஒரு இடத்தில் கூட்டமாக இருந்தது, பார்த்தால் கரும்பு வண்டி அச்சு முறிந்து கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஏன் இப்படி நடுங்குகிறாய், காய்ச்சலா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? என் பெண்ணை நானே அனுப்பிவிட்டேன் என்றா?

உங்களைத்தான் திட்டிக்கொண்டே போனேன். ஏன் போனீர்கள், ஏன் அந்தப் பெட்டியை வாங்கி வைத்தீர்கள், ஏன் எனக்குப் பாதி வேலையை மட்டும் காட்டினீர்கள் என்று.

ரயில்வே கேட் வந்தது. பஸ் மெதுவாகியது. ஓரத்தில் நம் கார், மூக்கு லேசாக நெளிந்து கோணலாக நின்றிருந்தது. அப்போது ரோட்டோரத்தில் ஒரு பெண் பஸ்ஸை நிறுத்தக் கை நீட்டினாள். வாணி. பக்கத்தில் டிரங்குப் பெட்டி. தலையில் வைத்த பூ கூடக் கலையவில்லை.

இறங்கி அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன், காலைப் பார்த்தேன், முகத்தைத் தடவினேன். நீ எப்படிம்மா வந்தே என்று அவள் கேட்க, முதலில் நடந்ததைச் சொல் என்றேன். சேகர்தான் சொன்னான். கேட் மூடியிருப்பதைப் பார்த்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்திருக்கிறான். மிதி திரும்பி மேலே வரவில்லை. வண்டி அதே வேகத்தில் போயிருக்கிறது. பிரேக்கை மிதித்தால் எஞ்சின் மல்லுக்கட்டி இழுக்கிறது. அந்தப் பக்கம் கரி எஞ்சின் ரயில் ஊதிக்கொண்டு வருகிறது. "எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடலக்கா. வாணிதான் டக்குனு சாவிய நிறுத்திட்ச்சு" என்றான். வண்டி கேட் கம்பியில் இடித்து நின்றதாம், ரயில் போனதும் ஓரமாகத் தள்ளி வைத்தார்களாம். கேட் கீப்பர் திட்டித் தீர்த்திருக்கிறார். மறுபடி ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் எடுத்ததும் அலறுகிறதாம், அதனால் தொடவே பயமாக இருக்கிறது என்றான்.

கண்டக்டர் விசில் அடித்துக்கொண்டிருந்தார். வாணி பெட்டியைத் தூக்கப் போனாள். இந்த பஸ்ஸில் போனால் போளூரில் மாற வேண்டும், பத்துக்குள் போக முடியாது. ஒரு நிமிஷம் நில்லு என்றேன். பஸ் போய்விட்டது.

ரோட்டோரத்திலேயே, பத்துப் பேர் வேடிக்கை பார்க்க, பானெட்டைத் திறந்து மூடியைக் கழற்றினேன். கார்புரேட்டர் வாய்க்குள், கீழே காற்றை அடைக்கிற தகடு மூட முடியாமல், அதன் விளிம்பில் கிளிப்பச்சை சிக்கியிருந்தது. மேலே எங்கேயோ பிடித்திருந்தது, ஓட ஓடக் கீழே இறங்கியிருக்கிறது. கொண்டை ஊசியால் மெல்ல நெம்பி எடுத்தேன். ஆக்ஸிலேட்டரை மிதித்து விடச் சொன்னேன். தகடு டக்கென்று மூடியது. இன்னாக்கா அது என்று சேகர் எட்டிப் பார்த்தான். குப்பை என்று சொல்லிக் கையை மூடிக்கொண்டேன்.

ஏன் மறைத்தேன் என்று கேட்கிறீர்களா? பயம்தான். நீ தொடாதே, உனக்கு எதற்கு இந்த வேலை என்று சொல்லிவிடுவார்களே என்று பயம். என் பெண் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமே என்று பயம்.

ஆனால் அவர்களைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை. பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். சட்டமாவது ஒன்றாவது என்று ஆகிவிட்டது. வண்டி கிளம்பியதும் இன்னொரு திகில் பிடித்தது. எல்லாம் வெளியே வந்துவிட்டதா? ஒரு இழை உள்ளே இருந்தாலும் போதுமே. புடவை மேல் பட்டுக் கட்டையும் எஞ்சினிலிருந்து எடுத்ததையும் பிரித்து வைத்தேன். கட்டில் அறுந்த நுனி எத்தனையோ, எடுத்ததிலும் அத்தனை இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே வேலை, ஜோடி சேர்ப்பது. குலுங்குகிற வண்டியில் ஒன்றொன்றாகச் சேர்த்தேன். கட்டில் பதினேழு நுனி. எடுத்ததில் பதினாறு இழை.

மறுபடி எண்ணினேன். பதினாறு. வண்டியை நிறுத்து என்று சொல்ல வாயெடுத்தபோது, நெற்றி வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். உள்ளங்கை ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது பதினேழாவது. அப்போது வந்த அழுகையை அடக்க நான் பட்ட பாடு உங்களுக்குத்தான் தெரியும்.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கலசப்பாக்கம் ஆபீஸ் வாசலில் இறங்கினோம். வாணி உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். "வண்டிய வித்துடலாங்க்கா, மாமா வண்டி நமக்கு ஆவல" என்று சேகர் ஆரம்பித்தான். அதற்கு மேல் முடியவில்லை. கையை விரித்துக் காட்டினேன்.

"வண்டி மேல தப்பு இல்ல. நான்தான் உள்ள விட்டுட்டேன். நீ கிளம்பும்போது எதிர்ல நிக்கக் கூடாதுன்னு அவசரப்பட்டுட்டேன்."

சேகர் தலையைக் குனிந்துகொண்டான். வாணி அந்தப் பச்சையைக் கையில் வாங்கிக்கொண்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்கு ஆபத்துன்னே தெரியாதும்மா. கேட்டு வந்துச்சு. அப்பா சொல்றாப்ல இருந்துச்சு, கை தானா சாவிக்குப் போச்சு. வண்டி நிக்காம போய்கினு இருந்ததே சேகர் மாமா கத்தின அப்புறம்தான் தெரியும்."

இரண்டு சொட்டு பெட்ரோலை மிச்சம் பிடித்து எந்தக் கோட்டை கட்டப் போகிறீர்கள் என்று கேட்டேன் அல்லவா? இதைத்தான் கட்டிக்கொண்டிருந்தீர்கள் போலிருக்கிறது. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தச் சண்டைக்கெல்லாம் சேர்த்து இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். கேட்கிறதா?

அப்புறம் அவள் கோபமாக ஒன்று சொன்னாள். "இனிமே நான் போகும்போது நீ உள்ள போய் ஒளிஞ்சிக்கினா நான் போகவே மாட்டேன்."

சேகர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. கேட்டவர்களிடம் வண்டியில் கோளாறு என்று மட்டும் சொல்லி வைத்தான். அதிலிருந்துதான் காவு, கீவு என்று கதை முளைத்தது. ஸ்டாண்ட் நண்பர்களே, கோளாறு வண்டியில் இல்லை. ஓட்டினவர் ஆவியிலும் இல்லை. இழை பிணைக்கிறவள் கையில் இருந்தது. வண்டியை விற்கவில்லை, நன்றாக ஓடுகிறது.

இப்போது ஒவ்வொரு மாதமும் நானே பில்டரைக் கழற்றித் தவிட்டைத் தட்டி மாட்டுகிறேன். உங்கள் இன்னொரு வேட்டியைக் கிழித்துச் சுற்றிலும் மடித்துத் தைத்து வைத்திருக்கிறேன், ஒரு நூல் பிரியாது. டார்ச் அடித்து உள்ளே பார்த்த பிறகுதான் மூடுவேன். பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை. வண்டி தெருமுனை திரும்பும் வரை என் விரல்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டே இருக்கின்றன.

பொங்கல் லீவு முடிந்து நாளைக்குக் காலை வாணி கலசப்பாக்கம் திரும்புகிறாள். பில்டர் வந்த அட்டைப் பெட்டியில் உங்கள் எழுத்துக்குக் கீழே, அடுத்த பங்குனிக்குள்ளும் மாத்தணும் என்று நானும் எழுதி வைத்திருக்கிறேன். பானெட்டை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, தெரு முழுக்கப் பார்த்தாலும் சரி, அவள் வாசல்படி தாண்டும்போது நேர் எதிரே நிற்பேன். இது உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உள்ளே ஓடி ஒளியாத,
உங்கள் வாணி அம்மா